பையன் கட்டும் மெஷினுக்குப் பணம் கொடுக்கலாமா?

இந்த இதழில் உளுந்து வரத்தைப் பற்றி எழுதுவதாகச் சென்ற இதழில் சொல்லியிருந்தோம். அதை அடுத்த இதழுக்குத் தள்ளிவைக்கிறோம். உறுப்பினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வேறொரு விஷயம் குறுக்கே வந்துவிட்டது. அது ஒரு வீட்டுக் கதை போலத் தோன்றினாலும், நம்மில் பலர் வீட்டில் இன்றோ நாளையோ வரப்போகிற கதை என்பதால் முதலில் எழுதுகிறோம்.

மளிகைக் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர் ஒருவர் ஒரு ஞாயிறு மாலை, கடையை அடைத்த கையோடு சங்க அலுவலகத்துக்கு வந்தார். பேரும் ஊரும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். வைத்த காப்பியைத் தொடக்கூட இல்லை.

"அண்ணாச்சி, பையன் வீட்டுக்குப் பின்னால, குடோன் ஓரமா ஒரு மெஷின் கட்டுறான். கம்ப்யூட்டர் சொன்னா அது பலகை அறுக்குமாம், எழுத்து வெட்டுமாம். இது வரைக்கும் அவன் சம்பளத்துல சேத்த காசப் போட்டான். இப்ப பல்லு வெச்ச இரும்புப் பட்டை வாங்கணும், மோட்டார் வாங்கணும்னு எங்கிட்ட கேக்கான். கொடுக்கலாமா, வேண்டாமா? ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

எண்ணெய் டின் விலை கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்போம். இதற்கு நம்மிடம் பதில் இல்லை. "ரெண்டு வாரம் பொறுங்க" என்று அனுப்பிவிட்டு, அந்தப் பையனின் மெஷினை இரண்டு தடவை நேரில் போய்ப் பார்த்தோம். லேத் பட்டறை வைத்திருப்பவர்களையும், போர்டு எழுதும் தொழிலில் இருப்பவர்களையும் விசாரித்தோம். சங்கத்திலும் பேச்செடுத்தோம். மூத்த உறுப்பினர் சிலர் "இது பொம்மை வேலை, காசைக் கரியாக்குவது" என்றார்கள். வேறு சிலர், "வேண்டுமானால் ரெடிமேடாக ஒன்றை வாங்கிப் போடட்டும், வீட்டில் கட்டுவானேன்?" என்றார்கள். இரண்டு பேச்சிலும் நமக்கு உடன்பாடில்லை.

ஏன் என்று சொல்லுமுன், மெஷின் இன்னதென்று சொல்லிவிட வேண்டும். ஒரு பெரிய மேஜை. அதன் மேல் குறுக்கே ஒரு பாலம். பாலம் முன்னும் பின்னும் ஓடும். பாலத்தின் மேல் ஒரு தலை இடமும் வலமும் ஓடும். அந்தத் தலையில் நிமிஷத்துக்கு 24,000 சுற்று வரை சுற்றும் ஒரு ஸ்பிண்டில் மோட்டார், அதன் நுனியில் வெட்டும் பிட். அது மேலும் கீழும் இறங்கும். மேஜையில் பிளைவுட்டோ அக்ரிலிக்கோ ஏ.சி.பி. ஷீட்டோ வைத்துவிட்டால், கம்ப்யூட்டர் வரிசையாக அனுப்பும் எண்களின்படி தலை நகர்ந்து வெட்டிக்கொண்டே போகும். அந்த எண் வரிசைக்கு ஜி கோட் என்று பெயர். "இன்ன இடத்துக்குப் போ, இன்ன வேகத்தில் போ" என்பதற்கு மேல் அதில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. நம் கடையில் சிட்டை எழுதிக் கொடுத்து, பையன் சாமான் கட்டுவது போலத்தான்.

இது புது விஷயமும் அல்ல. அமெரிக்காவில் ஜான் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகாப்டர் இறக்கைகளுக்காக யோசித்ததை, எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தார் 1952லேயே ஓட்டிக் காட்டிவிட்டார்கள். துளை போட்ட காகித நாடா, அறையை அடைக்கும் அலமாரி நிறைய வால்வுகள் என்று அன்றைக்கு அது அரசாங்கமும் விமானக் கம்பெனியும் மட்டுமே தொடக்கூடிய சாமான். வீட்டுக்கு வந்த கதை வேறு. வட கரோலினாவில் டெட் ஹால் என்ற பேராசிரியர், மூளை நரம்பு ஆராய்ச்சிக்காரர், ஒழிந்த நேரத்தில் பிளைவுட் படகு கட்டுவார். அந்தப் பலகைகளை வெட்டத் தனக்கென்று ஒரு மெஷின் செய்யப் போய், அதுவே 1996ல் ஷாப்பாட் என்ற கம்பெனி ஆயிற்று. 2009ல் நார்வேக்காரர் ஒருவர், மாணவர்கள் விளையாடும் உள்ளங்கை அகல அர்டுயினோ அட்டையிலேயே இந்த மெஷினை ஓட்டும் ஜி.ஆர்.பி.எல். என்ற புரோகிராமை எழுதி, யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். அன்றிலிருந்து மூளைப் பகுதியின் விலை ஒன்றுமில்லாமல் போயிற்று. செலவெல்லாம் இப்போது இரும்பில்தான்.

அந்த இரும்பில் நம் உறுப்பினரைப் பயமுறுத்திய சாமான் "பல்லு வெச்ச பட்டை". பட்டறையில் ரேக் என்கிறார்கள். அதன் மேல் உருளும் சிறு பல்சக்கரம் பினியன். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி போகும் மலை ரயிலில் போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த பட்டைகள் தெரியும். எஞ்சினுக்கு அடியில் உள்ள பல்சக்கரம் அதைக் கவ்வி, 12 அடிக்கு 1 அடி ஏறும் சரிவில் வண்டியைக் குன்னூருக்கு ஏற்றிவிடுகிறது. 1899லிருந்து குன்னூர் வரை ஏற்றிக்கொண்டிருக்கிற ஏற்பாடு அது. இரும்புக் கடையில் துளை போடும் மெஷினின் கைப்பிடியைச் சுழற்றினால் தலை கீழே இறங்குகிறதே, அதற்குள்ளும் இதே ரேக்கும் பினியனும்தான்.

வேறு வழி இல்லையா என்றால், உண்டு. பால் ஸ்க்ரூ என்ற மரை வைத்த நீளத் தண்டு. தண்டு சுற்ற, அதில் உள்ள நட் நகரும். சின்ன மெஷினுக்கு அதுவே நல்லது, துல்லியமும் கூடுதல். ஆனால் நம் பையன் வெட்ட நினைப்பது 8 அடிக்கு 4 அடி முழு ஷீட், அதாவது 2440 மி.மீ. நீளம். அத்தனை நீளத் தண்டை வேகமாகச் சுற்றினால், துணி காயப்போட்ட கயிறு காற்றில் ஆடுவது போல நடுவில் ஆட ஆரம்பித்துவிடும். நீளம் இரண்டு மடங்கானால், ஆடாமல் சுற்றக்கூடிய வேகம் கால்பங்காகிவிடும். ரேக்குக்கு அந்தத் தொல்லை கிடையாது. அது அசையாமல் கிடக்கிறது, ஓடுவது சக்கரம்தான். 1 மீட்டர் துண்டாக வாங்கி ஒன்றோடொன்று சேர்த்துக்கொண்டே போகலாம். விலையும் மீட்டர் கணக்கில்தான் ஏறும்.

பையன் நமக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டினான். மளிகைக் கணக்கு தெரிந்தவர்களுக்கு இது கஷ்டமில்லை. 1 மாட்யூல் அளவில் 20 பல் உள்ள பினியன் என்றால் அதன் பல் வட்டம் 20 மி.மீ. விட்டம், ஒரு சுற்றுக்கு 62.83 மி.மீ. நகரும். இவர்கள் போடும் ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றை 200 அடியாக எடுத்து வைக்கும். நேரடியாக மாட்டினால் அடிக்கு 0.31 மி.மீ. எழுத்து வெட்ட இது முரடு. நடுவில் ஒரு பெல்ட் போட்டு நாலுக்கு ஒன்றாகக் குறைத்தால், அடிக்கு 0.08 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. மோட்டாருக்கு இழுவையும் நாலு மடங்கு கிடைக்கும். மோட்டார் நிமிஷத்துக்கு 600 சுற்று ஓடினால் பாலம் 9 மீட்டருக்கு மேல் ஓடும். அதே 600 சுற்றில், 5 மி.மீ. மரை உள்ள ஸ்க்ரூ 3 மீட்டர்தான் ஓடும். முழு ஷீட் வெட்டுகிறவனுக்கு இந்த வித்தியாசம் மணிக்கணக்கில் வந்து நிற்கும்.

"அப்ப குறையே இல்லையா தம்பி?" என்று கேட்டோம். "இருக்கு மாமா, அதத்தான் உங்களுக்குக் காட்டணும்னு இருந்தேன்" என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு நேரே நம் சங்கக் கட்டடத்துக்கு வந்துவிட்டான். வாசலில் நின்று பெயர்ப் பலகையைக் காட்டி, "வணிகர்ல அந்த ண-வப் பாருங்க" என்றான்.

இங்கே ஒரு வெட்கத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் பலகையை மூன்று வருஷத்துக்கு முன்பு வெளியூர்ப் பட்டறை ஒன்றில் கொடுத்துச் செய்தோம். ண-வின் மூன்று சுழியும் வட்டமாக இல்லாமல் தட்டையாக, ஓரத்தில் சிறு படி விழுந்தது போல இருந்தது. அப்போதே கேட்டோம். "எழுத்து வடிவமே அப்படித்தான் சார்" என்றார்கள். நம்பிப் பணத்தைக் கொடுத்துவிட்டோம். அது எழுத்தின் குற்றமே இல்லை என்று இந்தப் பையன் சொல்லித்தான் தெரிகிறது. பினியனின் பல்லுக்கும் ரேக்கின் பள்ளத்துக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி இருக்கும். ஒரே திசையில் ஓடும்போது அது தெரியாது. திசை திரும்பும்போது சக்கரம் அந்த இடைவெளியைக் கடந்த பிறகுதான் பாலம் நகரும். இதற்குப் பேக்லாஷ் என்று பெயர். முனை தேய்ந்த பழைய தராசில் எடைக்கல்லை வைத்ததும் முள் சற்றுத் தயங்கி அப்புறம் அசையுமே, அது போல. வட்டம் வெட்டும்போது நான்கு இடத்தில் திசை திரும்புகிறது. அந்த நான்கு இடத்திலும் தட்டை விழும்.

பையன் சொன்ன அடுத்த வார்த்தை நமக்குப் பிடித்திருந்தது. "இங்கிலீஷ்ல பாதி எழுத்து நேர்கோடு மாமா, மோசமான மெஷின் கூடச் சமாளிச்சிரும். தமிழ் எழுத்து பூராவும் சுழி. தமிழ் வெட்டத் தெரிஞ்ச மெஷின்தான் மெஷின்." தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகளின்படி பெயர்ப் பலகையில் தமிழ்தான் முதலில், பெரிதாக வர வேண்டும், தமிழ், ஆங்கிலம், பிறமொழி 5:3:2 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். ஆகவே நம் ஊர்களில் இந்த மெஷினுக்கு வருகிற வேலையில் பாதிக்கு மேல் சுழியும் வளைவும்தான் என்பதை மெஷின் கட்டுகிறவர்கள் மனத்தில் வைக்க வேண்டும்.

பேக்லாஷை அடியோடு ஒழிக்க முடியாது, குறைக்கலாம். மோட்டாரை ஒரு கீல் வைத்த தகட்டில் மாட்டி, பினியன் எப்போதும் ரேக்கை அழுத்தும்படி ஸ்பிரிங் போடுவது ஒரு வழி. ஸ்பிரிங் அளவுக்கு மீறி இறுகினால் பல் தேயும், ஓட்டம் குதிக்கும். நேர்ப்பல் ரேக்குக்குப் பதில் சாய்ந்த பல் ரேக் வாங்கினால், ஒரு பல் விடுவதற்குள் அடுத்த பல் பிடித்துவிடும். நீலகிரி ரயிலிலும் ஒரு பட்டைக்குப் பதில் இரண்டு பட்டைகளைப் பல் மாற்றி வைத்திருப்பது இதே மாதிரியான காரணத்துக்காகத்தான். "கம்ப்யூட்டரிலேயே சரிக்கட்டிவிடலாம்" என்று விற்கிறவர்கள் சொல்வார்கள். வெட்டும் பிட் மரத்தில் முட்டும்போது அந்த லொடலொடப்பு இருக்கும் வரை தலை ஆடத்தான் செய்யும். புரோகிராம் என்ன செய்யும்?

இன்னொரு இடமும் உண்டு, ரேக் துண்டுகள் சேருமிடம். இரண்டு துண்டையும் முட்ட வைத்து ஸ்க்ரூ முடுக்கிவிட்டால் அந்த இடத்தில் பல் இடைவெளி மாறிவிடும். பலகையில் அந்தக் கோடு நெடுக ஒரு வடு விழும். சரியான முறை, மூன்றாவதாக ஒரு சிறு ரேக் துண்டைத் தலைகீழாகத் திருப்பி, சேருமிடத்தில் இரண்டு பக்கப் பல்லிலும் பொருந்தும்படி அழுத்தி வைத்துக்கொண்டு முடுக்குவது. இதற்கு இரண்டு பேர் வேண்டும். ரேக்கின் பல்லை மேல்நோக்கி வைக்காமல் கீழ்நோக்கியோ பக்கவாட்டிலோ வைப்பதும் நல்லது. இல்லையென்றால் மரத்தூள் பல்லுக்குள் சாமான் கட்டுகிற மாதிரி இறுகிவிடும். மேலும் கீழும் இறங்கும் தலைக்கு ரேக் போடக்கூடாது, அதற்கு ஸ்க்ரூதான். கரண்ட் போனால் ரேக்கில் உள்ள தலை தன் கனத்தில் இறங்கி ஷீட்டைக் குத்திவிடும். நம் ஊர்க் கரண்டைப் பற்றி உறுப்பினர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

சரி, ரெடிமேடாக வாங்கினால் என்ன என்ற கேள்விக்கு வருவோம். பெரிய நகரத்தில் இருப்பவர்கள் வாங்கலாம், தவறில்லை. சிறிய ஊரில் இருப்பவர்களுக்கு நம் அனுபவம் வேறு. பில் போடும் மெஷின் பழுதானபோது சர்வீஸ் ஆள் வருவதற்கு எத்தனை நாள் கையால் பில் எழுதினோம்? எலெக்ட்ரானிக் தராசு கெட்டால் பக்கத்துக் கடைத் தராசை இரவல் வாங்காதவர் நம்மில் உண்டா? வாங்கிய மெஷின் நின்றுபோனால் போன் செய்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். தானே கட்டியவன் எந்த ஒயர் எங்கே போகிறது என்று அறிவான். ஸ்பிண்டில் மோட்டாரை ஓட்டும் பெட்டியிலிருந்து வரும் மின் இரைச்சலால் லிமிட் சுவிட்ச் தானாகத் தட்டுப்பட்டு மெஷின் காரணமில்லாமல் நிற்பது இந்தத் தொழிலில் சகஜமாம். ஒயரை மாற்றி ஓட்டி, எர்த் சரிபார்த்தால் தீர்ந்தது. தெரிந்தவனுக்கு ஒரு மணி நேர வேலை. தெரியாதவனுக்கு ஒரு வார நஷ்டம். வீட்டில் கட்டுவதற்கு நாம் ஆதரவு சொல்வது இந்த ஒரு காரணத்துக்காகவே தவிர, மலிவு என்பதற்காக அல்ல. ஆறு மாத மாலை நேரத்தையும் கூலியாகப் போட்டுப் பார்த்தால் அது மலிவே அல்ல.

கணக்கைப் பார்ப்போம். ரேக், மோட்டார், ஸ்பிண்டில், இரும்பு எல்லாம் சேர்த்து 1 லட்ச ரூபாய் ஆனதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். மூன்று வருஷத்தில் அசலை எடுக்க வேண்டுமானால் மாதம் 2,778 ரூபாய். நமக்குள் வழக்கமான நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி 1,000. ஆக 3,778. மாதம் 25 நாள் வேலை என்றால், மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் நாளுக்கு 151 ரூபாய் விழுகிறது. இதற்கு மேல் கரண்ட், உடையும் பிட், தப்பாக வெட்டிப் பாழான ஷீட், பையனின் கூலி. பாழான ஷீட்டைப் பலரும் கணக்கில் எழுதுவதில்லை. ஸ்டெப்பர் மோட்டார், போகச் சொன்ன இடத்துக்குப் போய்விட்டதாகவே நினைத்துக்கொள்ளும். நடுவில் சிக்கி இரண்டு அடி தவறியிருந்தாலும் அதற்குத் தெரியாது. திரும்பிச் சரிபார்க்காத கணக்குப்பிள்ளை போல மீதிப் பலகை முழுவதையும் தள்ளித் தள்ளி வெட்டி வைக்கும். திரும்பிப் பார்க்கும் மோட்டாரும் உண்டு, விலை கூடுதல்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, நம் உறுப்பினரிடம் ஒரு கேள்வி கேட்டோம். "உங்க கடன் நோட்டுல வராதுன்னு விட்டது எவ்வளவு இருக்கும்?" அவர் சிரித்துவிட்டார். பையன் கேட்ட தொகையைப் போல அது இரண்டு மடங்கு இருக்கும் என்று அவரே சொன்னார். முகம் தெரியாதவர்களுக்குக் கொடுத்து இழந்ததைப் பற்றி அவர் யாரிடமும் யோசனை கேட்டதில்லை.

அப்புறம்தான் மனத்தில் இருந்ததைச் சொன்னார். "காசு இல்ல அண்ணாச்சி. இந்த மெஷின் ஓட ஆரம்பிச்சிட்டா அவன் கடைக்கு வரமாட்டான்." இதற்கு நாம் என்ன பதில் சொல்வது? அவர் அப்பா தொடங்கிய கடை. எதிரே பெரிய கடை வந்தும், போனில் சொன்னால் வீட்டுக்கு வரும் சாமான் வந்தும், அவர் விடாமல் காலை 5 மணிக்குக் கதவு திறக்கிறார். ஆனால் பையன் பட்டணத்துச் சம்பளத்தை விட்டுவிட்டு ஊருக்கு வந்தது இந்த மெஷினால்தான். மெஷின் இல்லை என்றால் அவன் போவது கடைக்கா, பட்டணத்துக்கா என்று அவரே யோசித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டோம்.

நம் யோசனையைக் கேட்டதால் சொல்லிவிட்டோம்: பணம் கொடுங்கள். ஆனால் சில விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். முதலாவது இடம். அரிசியும் மாவும் இருக்கும் குடோனோடு ஒட்டி அந்த மெஷின் ஓடக்கூடாது. எம்.டி.எஃப். பலகையின் தூளில் ஃபார்மால்டிஹைடு கலந்த பிசின் இருக்கிறது. அது மூச்சுக்கும் ஆகாது, சாப்பிடும் சரக்குக்கும் ஆகாது. அதோடு, மழுங்கிய பிட் மரத்தில் உரசிக் கருகினால் ஒரு பொறி தூள் பைக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, எல்லாரும் சாப்பிட்டுப் படுத்த பிறகு எரிய ஆரம்பிக்கும். சாக்கும் அட்டைப் பெட்டியும் எண்ணெய் டின்னும் உள்ள இடத்தில் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். வேலை முடிந்ததும் தூள் பையை வெளியே எடுத்து வைத்துவிட வேண்டும். சிவப்புக் குமிழ் அவசர சுவிட்ச் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கையுறை போட்டுக்கொண்டு சுற்றும் பிட் அருகே போகக்கூடாது. துணியைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும்.

அடுத்தது கரண்ட். வீட்டு இணைப்பில் ஆசைக்கு ஓட்டிப் பார்ப்பது வேறு, கூலிக்கு ஓட்டுவது வேறு. இணைப்பு எதற்காகக் கொடுக்கப்பட்டதோ அதை விட்டு வேறு காரியத்துக்குப் பயன்படுத்தினால் 2003ஆம் வருஷத்து மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவில் அது முறைகேடு. முதல் கூலி வாங்குவதற்கு முன்பே தனி இணைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். உத்யம் பதிவும் செய்துகொள்ளலாம். வரி விஷயத்தில் உறுப்பினர்கள் மறந்துபோகிற ஒன்று உண்டு. அப்பா பேரில் தொழில் நடத்தினால், ஒரே பான் எண் என்பதால் மெஷினில் வரும் வரவும் கடை வரவோடு சேர்ந்தே ஜி.எஸ்.டி. கணக்கில் வரும். காம்போசிஷனில் இருக்கும் மளிகைக் கடைக்காரர்கள், கூலி வேலை வாங்குமுன் ஆடிட்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும். பையன் பேரில் தனியாக நடத்துவதே உத்தமம் என்பது நம் கருத்து. தனி நோட்டு, தனி கல்லா. கடைக் கல்லாவில் கை வைத்து ஷீட் வாங்குவது என்று ஆரம்பித்தால் இரண்டும் கெடும்.

மூன்றாவது, பையன் முதலில் ஒரு வருஷத்துக்கு எந்த வேலையை எடுப்பது என்று எழுதிக் காட்ட வேண்டும். எல்லாம் செய்வேன் என்றால் எதுவும் நடக்காது. பெயர்ப் பலகை, கடைக்குள் சாமான் அடுக்கும் பிளைவுட் தட்டு, தட்டில் விலை எழுதி மாட்டும் அக்ரிலிக் துண்டு. இவை நம் சங்கத்துக் கடைகளிலேயே தேவைப்படுகிறவை. எழுத்தின் உள்மூலையில் கூர்மை கேட்காதீர்கள் என்றும் அவன் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். 6 மி.மீ. பிட் வெட்டினால் உள்மூலை 3 மி.மீ. ஆரத்தில் உருண்டுதான் வரும். சிறிய பிட் போட்டால் நேரம் கூடும், கூலி கூடும். ரேக்கில் ஓடும் மெஷினில் இரும்பு அச்சு வெட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வீட்டில் கட்டியது மரத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் மெல்லிய அலுமினியத்துக்கும் ஏற்றது. அதற்கு மேல் பட்டறை லேத் இருக்கிறது.

பணத்தை எங்கே சிக்கனம் பண்ணக்கூடாது என்று பையனையே கேட்டோம். "ரேக்குலயும் ரெயிலுலயும்" என்றான். ஸ்பிண்டில் சின்னதாக வாங்கி, பிறகு மாற்றிக்கொள்ளலாம். கண்ட்ரோல் அட்டையையும் பிறகு மாற்றலாம். கோணலாக உட்கார்ந்த ரேக்கை மாற்ற வேண்டுமானால் மெஷினையே அவிழ்க்க வேண்டும். அவனுக்கு வேண்டியது பக்கத்துக்கு 3 மீட்டர் வீதம் நீளவாட்டில் 6 மீட்டர், பாலத்தின் மேல் இன்னும் ஒன்றரை மீட்டர். அப்பாவிடம் கேட்டது இதற்கும் இரண்டு மோட்டாருக்கும்தான். பாலத்தின் இரண்டு காலையும் இரண்டு மோட்டார் தனித்தனியே இழுத்தால்தான் பாலம் கோணாமல் ஓடும். ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் ஒற்றை மாட்டு வண்டி போல இழுபடும் என்றான். கணக்கு நமக்குச் சரியாகவே பட்டது.

இந்த இதழ் அச்சுக்குப் போகுமுன் ஒரு தடவை எட்டிப் பார்த்தோம். மெஷினை குடோனிலிருந்து அகற்றி, வீட்டின் மறுபக்கம் தகரக் கொட்டகை போட்டு வைத்திருக்கிறார்கள். ரேக் வந்துவிட்டது. பையன் இரண்டாவது துண்டை முதல் துண்டோடு சேர்த்து ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்தான். சேருமிடத்தில் அந்தச் சின்னத் துண்டைத் தலைகீழாக அழுத்திப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தவர் நம் உறுப்பினர்தான். கடைப் பையன் ஓடிவந்து, "முதலாளி, பருப்பு லோடு வந்திருக்கு, டிரைவர் கத்துறாரு" என்றான். "ரெண்டு நிமிஷம் நிக்கச் சொல்லுடா, கைய எடுத்தா பல்லு நகந்துரும்" என்றார்.